நெகிழிப் பைக்கு மறுபிறவி

திருகோணமலைக்கு வடக்கே, உப்புவெளியைத் தாண்டிக் கிடக்கும் சல்லிக் கரையில் கரை ஒதுங்குகின்ற சொப்பிங் பைகளைக் குறித்து அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமன்று. 20 மைக்கிரோன் தடிப்பும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனை 2007 இலே விலக்கிய சட்டம், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்களை விழுங்கிய 2017 இலே லஞ்ச் சீட்டையும் உயரடர்த்திப் பொலித்தீன் பைகளையும் விலக்கியது. 2025 நவம்பர் முதல் பையை விலையின்றிக் கொடுத்தலும் ஆகாது. ஆயினும் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட பையின் கதி யாதென்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை.

ஒரு விடை பெண்களின் கையில் இருக்கிறது. பையைக் கழுவி உலர்த்தி, கைப்பிடியையும் அடித்தையலையும் நீக்கி, மடித்துக் குறுக்கே இரண்டு விரல் அகலத்தில் நறுக்கினால் வளையங்கள் கிடைக்கும். வளையத்தினுள் வளையத்தைக் கோத்து இழுத்தால் அறாத நூலாகும். அந்நூலைக் கொக்கி ஊசியாற் பின்னினால் பையும் பாயும் உண்டாகும். காம்பியா தேசத்து ந்ஜாவ் கிராமத்தில், பையைத் தின்ற ஆடுகள் மடிவதைக் கண்டு மனம் பொறாத இசாத்து சீசே என்ற பெண்மணி, 1997 இல் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு, குப்பையிலிருந்து பொறுக்கிய பைகளிலே சிறு பணப்பைகள் பின்னி விற்கத் தொடங்கினார். இந்தியாவின் கச்சுப் பிரதேசத்தில் கமீர் நிறுவனத்தார் அதே கழிவைக் கீற்றாக்கிக் கைத்தறியில் நெய்விக்கின்றனர். வலை பின்னிய பரம்பரையும், பனையோலையில் உமலும் கடகமும் இழைத்த கைகளும் உள்ள நம் கரையோரத்துக்கு இந்த வித்தை அந்நியமாயிராது.

இதனால் சமுத்திரம் சுத்தமாகிவிடும் என்று நான் நம்பவில்லை. படுக்கும் பாய் ஒன்றுக்கு 500 முதல் 700 பைகள் வரை செல்லும் என்பது பெரிய தொகையாகத் தோன்றினாலும், கடைகளிலிருந்து வெளியேறும் பைகளுக்கு முன் அது சொற்பமே. பின்னற்காரிகள் இருக்கிறார்களே என்று பையை வாங்கிக் குவிப்பதற்கு இதை ஒரு சமாதானமாகக் கொள்வதும் பெரும் பிழை. தவிரவும், கடலும் வெயிலும் தின்ற பை விரல் பட்டதும் பொடிந்துபோம். மக்கும் என்று சொல்லி விற்கப்படும் பையும் நாளடைவில் உதிரக்கூடும். பின்னிய பொருளையும் வெயிலுக்கும் அடுப்புக்கும் எட்டவே வைத்தல் வேண்டும். ஆகவே நூலுக்குரிய பை கரையில் பொறுக்கியதாயிராமல், குப்பைக்கூடையைச் சேருமுன் வீட்டிலும் கடையிலும் திருவிழாக் காலத்தில் அம்மன் கோயில் வாசலிலும் சுத்தமாகச் சேகரித்ததாயிருக்க வேண்டும். அந்தச் சேகரிப்பைப் பிரதேச சபையே பொறுப்பேற்று நடத்தினாலன்றி, தனிப் பெண்களின் சிரமத்தால் ஆகக்கூடியது கொஞ்சமே.

இனி, விலை. குப்பையிற் பிறந்த பொருளுக்கு இவ்வளவா என்று பேரம் பேசுவோர் எங்கும் உண்டு. குப்பைக்கு விலையில்லைதான், கழுவி, நறுக்கி, கோத்து, பின்னிய பகல்களுக்கு விலையுண்டு. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உல்லாசப் பயணிகளை உபசரித்து ஜீவிக்கின்ற விடுதிக்காரர்கள், தங்கள் அறைகளுக்கு வேண்டிய கால்மிதிகளையும் கைப்பைகளையும் சல்லிப் பெண்களிடமே முன்பணம் கொடுத்து வாங்கட்டும். அவர்கள் கொடுக்கும் விலை, உழைத்த ஒவ்வொரு பகலுக்கும் ஒரு நாட்கூலிக்குக் குறையாதிருக்கட்டும்.