ஆராய்ச்சியும் அங்காடியும்

மட்டக்களப்பு நாடு ஈன்ற விபுலாநந்த அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர். பல்லாண்டு ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ் நூல் 1947ஆம் ஆண்டு அரங்கேறியது. அடிகள் கணித்தார், செட்டிநாட்டுச் செல்வர் ஒருவர் பொருளுதவினார், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் வெளியிட்டனர், கைவினைஞர் யாழ் செய்தனர். அச்சுக்கூடத்தையும் தச்சுப் பட்டறையையும் அடிகளே நடத்தல் வேண்டுமென எவரும் கேட்டிலர்.

இன்றோ பல்கலைக்கழக ஆசிரியரை நோக்கி நாம் அதனையே கேட்கின்றோம். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வந்தாறுமூலைக் கலைக்கோயிலில் வாவியையும் வயலையும் ஆராய்வோர் பலர் உளர். "இவர்கள் ஆராய்ச்சியால் ஊருக்கு யாது பயன்?" என நம்மிற் சிலர் வினவுகின்றனர். வினா நியாயமானதே, ஆயின் குற்றம் ஆசிரியர்பால் மட்டும் உள்ளதன்று.

அவர்தம் இடர்களை எண்ணிப் பார்ப்போம். பதவியுயர்வு கட்டுரைகளின் எண்ணிக்கையால் வருகின்றது. விற்பனையான பொருளால் வருவதன்று. கண்டதை உடனே வெளியிட்டால் புதுமை கெட்டு ஆக்கவுரிமை கிடையாது போகலாம். மறைத்து வைத்தாலோ உயர்வு பிந்தும். ஒரு சிறு பொறி வாங்குதற்கும் நிதிப் பிரமாணங்களின் படிகள் பலவற்றை ஏறவேண்டும். பரிசோதனைச் சாலையில் ஒரு கிலோ இறாலைப் பழுதின்றி உலர்த்திக் காட்டுதல் எளிது. நாள்தோறும் நூறு கிலோவை ஒரே தரத்தில் உலர்த்திப் பொதிசெய்து கடைக்கு அனுப்புதல் வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள செலவை ஆராய்ச்சி மானியமும் தாராது, வங்கியும் தாராது.

இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனத்தின் வரலாறு கருதற்பாலது. 2008இல் அரசும் தனியார் கம்பனிகளும் கூடி நிறுவிய அந்நிலையத்தில், யூரியாப் பசளையின் நைதரசன் மெல்ல மெல்ல வெளிப்படும் முறையொன்றை நம் நாட்டறிஞர் கண்டனர். யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் நெல்விளைவு குன்றவில்லையென 2017இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆனால் அதன் ஆக்கவுரிமையை வாங்கியது இந்தியக் கம்பனியொன்று. பொருளும் துணையும் பெற்ற நிலையத்துக்கே வாங்குவோர் கடல் கடந்து கிடைத்தனரெனின், வந்தாறுமூலையில் தனித்து நிற்கும் விரிவுரையாளர் எங்ஙனம் வணிகரைக் காண்பார்?

ஆதலின் பழைய மாணவர்காள், நாமே அப்பாலமாதல் வேண்டும். நம்முட் கணக்காளர் உளர், வழக்கறிஞர் உளர், ஆலை நடத்துவோர் உளர், கடல் கடந்து வாழ்வோர் உளர். விழா மண்டபத்துக்கு மனமுவந்து ஈயும் நாம், ஒரு பரிசோதனை உற்பத்திக்கு முதற்பணம் ஈந்தால் என்ன? அதில் நட்டமும் நேரலாம். அதனையும் நாம் பங்கிட்டுக் கொள்வோம். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் இறால் பனிக்கட்டியுடன் லொறியேறிச் செல்ல, வலைவீசியவன் வறியனாகவே இருத்தல் நமக்குப் பெருமையன்று. ஆசிரியர் ஆராயட்டும், அங்காடிக்கு வழி காட்டும் பொறுப்பு நம்முடையதாகுக.