கொல்லைப்புறப் பூனையும் மாற்றல் உத்தரவும்

சென்ற ஆனி மாத மழையில், தேவராஜ மொஹல்லாவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கொல்லைப்புறத்தில் ஒரு பெட்டைப் பூனை வந்து ஒண்டிற்று. கையை நீட்டினால் சீறும். கதவைத் திறந்தால் மதிலேறி ஓடும். குட்டிப் பருவத்தில் மனிதர் கை படாது வளர்ந்த பூனை பெரும்பாலும் அப்படித்தான். அதனை மடியில் வைத்துக் கொஞ்ச நினைப்பது நம் ஆசையேயன்றி அதன் தேவையன்று. நனையாத இடமும் வேளைக்கு உணவும் போதும்.

தேவராஜா மார்க்கெட்டில் ஒரு பழப்பெட்டி வாங்கி வந்து, செங்கல் மேல் ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, சாரல் அடிக்காத பக்கமாகப் பூனை நுழையுமளவுக்கு மட்டும் வழி வைத்தேன். உள்ளே என் மனைவி பழஞ்சேலையை விரித்தாள். இரண்டே நாளில் அது ஈரங்குடித்து நாறிற்று. வைக்கோல் அவ்வாறு ஈரத்தை இழுப்பதில்லை, உடற்சூட்டையும் காக்கும். வைக்கோல் போட்ட மூன்றாம் இரவு பூனை உள்ளே படுத்தது.

உணவிலும் முதலில் தவறினோம். பாலும் தயிர்ச்சோறும் வைத்தோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிறு போகும். மாமிசத்திலுள்ள 'டாரின்' என்னும் சத்துக் குறைந்தால் கண்ணும் இருதயமும் கெடும். சைவ வீட்டார் கடையில் விற்கும் பூனைத் தீனியை வாங்கலாம். எங்கள் வீட்டில் அதுவே. எறும்பு ஏறாதிருக்கத் தீனித் தட்டை நீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் வைக்கிறோம். அந்தியில் வைத்து, மிச்சத்தை உடனே எடுத்துவிடுகிறோம். இல்லையேல் எலிக்கு விருந்து.

இவையெல்லாம் எளிது. எதிர்வீட்டு அஜ்ஜி கேட்ட கேள்விதான் எளிதன்று. "நீங்கள் ரயில்வேக்காரர். மாற்றலாகிப் போய்விட்டால் இந்தப் பெக்குவும் அதன் குட்டிகளும் எங்கள் தலையிலா?" என்றார் கன்னடத்தில். வாடகை வீடும் மாற்றல் உத்தரவுமாக வாழும் நம் குடும்பங்களுக்கெல்லாம் உரிய கேள்வி. பூனை ஐந்தாறு மாத வயதிலேயே சினைப்படும். 9 வாரத்தில் ஈனும். சோறிட்டுக் கருத்தடை செய்யாதிருப்பது பாதி வேலையே. ஆகவே கூண்டில் தீனி வைத்துப் பிடித்து மருத்துவரிடம் கொண்டுசென்றேன். மயக்கத்திலேயே ஒரு காதின் நுனியைச் சிறிது கத்தரித்து அடையாளமிட்டார். பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டோம்.

ஜப்பானில் கிஷி ரயில் நிலையத்தருகே சில பூனைகளுக்கு ஒரு குடில் இருந்தது. 2006இல் ரயில் பாதை வேறு நிறுவனத்திடம் கைமாறியபோது அக்குடிலை அகற்ற நேர்ந்தது. அவற்றைப் பேணிய கடைக்காரர் புதிய தலைவரிடம் நிலையத்திலேயே இடம் கேட்டார். அவற்றுள் 'தாமா' 2007 ஜனவரியில் ஸ்டேஷன் மாஸ்டராக நியமனம் பெற்றது. சம்பளம் பூனைத் தீனி. 2015இல் இறக்கும் வரை மாற்றல் இல்லை! அலுவலகத்தில் இதைச் சொன்னேன், எல்லோருக்கும் பொறாமை.

நமக்கு அந்தப் பாக்கியமில்லை. ஆதலால் உத்தரவு வருமுன்பே அஜ்ஜியிடம் தீனி டப்பாவைக் கொடுத்து, வாரத்தில் மூன்று நாள் அவரே வைக்க ஏற்பாடு செய்தேன். நேற்று நான் தட்டோடு போனபோது பூனை என்னைக் கவனிக்கவில்லை. எதிர்வீட்டுப் படியையே பார்த்துக்கொண்டிருந்தது.