யானைக்குப் பணமுண்டு, அங்குசத்துக்கு இல்லையா?

வலிகாமத்துச் செம்மண்ணிலே வெங்காயம் நட்டிருக்கும் கமக்காரர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள்: நீரிறைக்கும் இயந்திரத்தை வாங்கி வைத்துவிட்டாற் பயிர் தானாக நனைந்துவிடுமா? அவர் சிரிப்பார். இயந்திரம் நின்றால் அதைத் திருத்தத் தெரிந்தவன் கூப்பிடு தொலைவில் இருத்தல் வேண்டும். இல்லையேல் சில நாட்களிலே தாள் மஞ்சளாகும், பட்ட கடன் மட்டும் பச்சையாக நிற்கும் என்பார். கமக்காரருக்கு விளங்கும் இந்த உண்மை, கொழும்பிலே கோப்புகளைப் புரட்டும் உயர்கல்வி அதிகாரிகளுக்கு மட்டும் விளங்காமற் போன மாயம் யாதோ?

நமது பல்கலைக்கழகங்களிலே கற்பித்தல் இன்று கரும்பலகையோடு முடிவதில்லை. 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, விரிவுரைகள் யாவும் கணினித் திரைக்கு மாறின. ‘லேர்ன்’ எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாகச் ‘சூம்’ வசதி வழங்கப்பட்டது. கற்றல் தளங்களுக்கான தரவுக் கட்டணம் மாணவருக்கு விலக்கப்பட்டது. நற்செயலை நற்செயலென்று சொல்ல நாம் தயங்கோம். 2022 இல் எரிபொருளுமின்றி, நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரமுமின்றி நாடு தவித்தபோதும் அதே திரையைத்தான் நம்பவேண்டியிருந்தது.

அந்த இடர்கள் நீங்கின, திரை நீங்கவில்லை. பாடக்குறிப்பு, ஒப்படை, புள்ளி யாவும் ‘மூடில்’ போன்ற கற்றல் முகாமைத் தளங்களிலே குடியேறிவிட்டன. 2002 இல் அவுஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ் வெளியிட்ட மூடிலுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. மென்பொருள் இலவசமாக வந்ததைக் கண்டவர்கள், அதைப் பேணும் கைகளும் இலவசமாக வருமென்று எண்ணிவிட்டார்கள்! யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது என்பது இதுவேயன்றோ?

அண்மையில் நாம் சந்தித்த வரலாற்று விரிவுரையாளர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். இருபது ஆண்டுகளாக அவர் எழுதிய தமிழ்க் குறிப்புகள் ‘பாமினி’ எழுத்துருவிலே உள்ளன. பாமினியில் எழுதியது, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும், தேடினால் அகப்படாது, பார்வையற்ற மாணவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது விளங்காது. அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற உதவி கேட்டு அவர் எழுதினார். ஒன்பதாம் நாள் ஆங்கிலத்திலே ஒரு வரிப் பதில் வந்தது: கோரிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளதாம்! அதன் பின் இரவிரவாகத் தம் மகளை அருகிருத்தித் தாமே திருத்தினார். அந்த ஆண்டு எழுத எண்ணியிருந்த ஆய்வு எழுதப்படவேயில்லை. அவருடைய பல்கலைக்கழகத்தின் பெயரை நாம் எழுதோம். குற்றம் ஒரு கந்தோருடையதன்று, ஒரு கொள்கையுடையது.

அக்கொள்கை யாது? இயந்திரத்துக்கு நிதி ஒதுக்குவது. மனிதருக்கு ஒதுக்க மறுப்பது. 2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அரசாங்கம் புதிய நியமனங்களைக் கட்டுப்படுத்திற்று. 2023 சனவரி தொடக்கம் உயர்ந்த வருமான வரி வீதம் 36 சதவீதமாயிற்று. கணினி கற்ற இளைஞர் விமானம் ஏறினர். 2024 இல் கல்விசாரா ஊழியரின் வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தபோது, அக்கைகள் இன்றிப் பல்கலைக்கழகம் அசையாது என்பதை நாடே கண்டது. கண்டும் பாடம் படித்தாரில்லை.

“விரிவுரையாளர் படித்தவர்தாமே, தாமே கற்றுக்கொள்ளட்டும்” என்பார் சிலர். சத்திரசிகிச்சை நிபுணரும் படித்தவர்தாம். அதற்காக மின்பிறப்பாக்கியைத் திருத்தும் வேலையை அவரிடம் ஒப்படைப்பார் உண்டோ? “ஏழை நாட்டில் இதற்கெல்லாம் பணமேது?” என்பார் வேறு சிலர். அப்பணம் எங்கிருந்து வருகிறது? சீனியிலும் சவர்க்காரத்திலும் கமக்காரர் செலுத்தும் மறைமுக வரியிலிருந்தும் வருகிறது. வீணாகும் ஒவ்வொரு விரிவுரையின் நட்டமும் அவருடைய பிள்ளையின் தலையிலேதான் விழுகிறது. வசதி படைத்தவன் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புவான். வன்னிக் கமக்காரன் எங்கே அனுப்புவான்?

சட்டத்தையும் பார்ப்போம். 1978 அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை, தேசிய மொழிகளில் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரிமையை வழங்குகிறது. ஆங்கிலமூலம் கற்பிக்கும் உயர்கல்வி நிறுவனங்களுக்கு அதில் விலக்குண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால், தமிழ்மூலம் கற்பிக்கும் துறைகளுக்கு அவ்விலக்கு எங்ஙனம் பொருந்தும்? மொழியுரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தை நாட 126 ஆம் உறுப்புரை வழி திறந்திருக்கிறது. கணினி என்ற சொல் 21 ஆம் உறுப்புரையில் இல்லை என்பது மெய்தான். எனினும், கற்பிக்கும் கருவியும் அதற்கான உதவியும் தமிழறியாதவையாக இருக்கும்போது, தமிழ்மூலக் கல்வி ஏட்டுச் சுரைக்காயாகுமன்றி வேறென்ன ஆகும்? மூடில் தளம் நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளிலே பேச வல்லது. குறை மென்பொருளில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

கொழும்பை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் தப்பிவிட முடியாது. தமிழ்க் கல்விமான்கள் நிறைந்த சபைகளிலிருந்தே தமிழ் விரிவுரையாளருக்கு ஆங்கிலத்தில் மட்டும் சுற்றறிக்கை வருவதில்லையா? கடல் கடந்து வாழும் நம் அன்பர்கள் கணினிகளை அன்பளிக்கிறார்கள்; நாடா வெட்டுகிறோம், பெயர்ப்பலகை பதிக்கிறோம், படம் எடுக்கிறோம். மூன்றாம் ஆண்டு அவற்றைத் தூசு மூடுகிறது. அன்பளித்தவரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. பராமரிப்புக்குப் பணம் கேட்க வெட்கப்பட்டவர்கள் நாமே!

ஆகவே நாம் கோருவது பிச்சையன்று, முறை. ஒவ்வொரு பீடத்திலும் ஆசிரியருக்கு உதவுவதையே கடமையாகக் கொண்ட நிரந்தரத் தொழினுட்ப உத்தியோகத்தரை, பதவி உயர்வுக்கு வழியுடன் நியமியுங்கள். உதவியும் வழிகாட்டிக் கையேடும் தமிழிற் கிடைக்கச் செய்யுங்கள். விரிவுரையாளர் பயிற்சி பெறும் நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிடுங்கள். பழைய எழுத்துருக்களில் உறங்கும் தமிழ்க் குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் பணியைப் பல்கலைக்கழகமே ஏற்கட்டும். அன்பளிப்புக் கணினி எதையும் ஐந்தாண்டுப் பராமரிப்பு நிதியின்றி ஏற்காதீர்கள்.

வைத்தியர்களே, பொறியியலாளர்களே, சட்டத்தரணிகளே! இந்நாட்டின் இலவசக் கல்வியால் ஏணி ஏறியவர்கள் நாம். கமக்காரப் பெருமக்களே! உங்கள் வாசலுக்கு வாக்குக் கேட்டு வரும் பாராளுமன்ற உறுப்பினரிடம் எத்தனை கணினி கொண்டுவந்தீர் என்று கேளாதீர்கள். அவற்றைத் திருத்த எத்தனை பேரை நியமித்தீர் என்று கேளுங்கள். விடை இல்லையேல், அடுத்த முறையும் அதையே கேளுங்கள். கேட்பாரற்ற உரிமை நீர் காணாத பயிர். அதை வாடவிட நமக்கு உரிமையில்லை.