திருப்பதி தீர்மானமும் சித்தூர் தீர்ப்பும்: மகளிர் அதிகாரம் எங்கே நிற்கிறது?

திருப்பதி: நாடாளுமன்றம் மற்றும் மாநில சட்டப்பேரவைகளின் மகளிர் அதிகாரமளித்தல் குழுக்களுக்கான முதலாவது தேசிய மாநாடு, 2025 செப்டம்பர் 14, 15 ஆகிய நாட்களில் திருப்பதியில் நடைபெற்றது. மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா தொடங்கி வைத்த இம்மாநாட்டின் முடிவில் 'திருப்பதி தீர்மானம்' நிறைவேற்றப்பட்டது. அரசின் எல்லாத் துறைகளின் வரவு செலவுத் திட்டத்திலும் பெண்களின் தேவைகளுக்கு இடமளிப்பது, புதிய தொழில்நுட்பங்கள் பெண்களைச் சென்றடையச் செய்வது ஆகிய இரண்டும் அதன் மையக் கருத்துகள்.

மாநாடு முடிந்து ஏழு வாரங்கள்கூட ஆகாத நிலையில், அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தூரில் வேறொரு செய்தி வந்தது. சித்தூர் மேயர் கட்டாரி அனுராதா, அவரது கணவர் மோகன் ஆகியோர் கொல்லப்பட்ட வழக்கில், உறவினர் ஒருவர் உள்ளிட்ட ஐந்து பேருக்கு அக்டோபர் 31-ஆம் தேதி சித்தூர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2015 நவம்பர் 17-ஆம் தேதி, மாநகராட்சி அலுவலகத்திற்குள்ளேயே அனுராதா சுட்டுக் கொல்லப்பட்டார். தீர்ப்புக்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தேவைப்பட்டன. சட்டப்படி இத்தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும்.

குடும்பப் பகையும் அரசியல் ஆதிக்கப் போட்டியும் பின்னணியாகக் கூறப்பட்ட வழக்கு இது. பெண் என்ற காரணத்தாலேயே அவர் கொல்லப்பட்டார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், ஒரு மாநகரின் முதல் குடிமகள் தமது அலுவலகத்தில்கூடப் பாதுகாப்பாக இல்லை என்பது, உள்ளாட்சியில் பதவியேற்கும் பெண்கள் எத்தகைய களத்தில் இறங்குகிறார்கள் என்பதைக் காட்டுகிறது. நிதியையும் தொழில்நுட்பத்தையும் மையமாக வைத்த தீர்மானத்தில் இந்தக் களம் பின்னுக்குத் தள்ளப்பட்டிருப்பது ஒரு குறையே.

ஆந்திராவில் உள்ளாட்சி இடங்களில் 50 சதவீதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. நாடு முழுவதும் ஊராட்சி அமைப்புகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் பிரதிநிதிகள் சுமார் 14.5 லட்சம் பேர்; மொத்தத்தில் ஏறத்தாழ 46 சதவீதம். எண்ணிக்கை பெருமைக்குரியதுதான். ஆனால் நாற்காலியில் மனைவி, கோப்பில் கணவரின் முடிவு என்ற வழக்கம் தெலுங்கு கிராமங்களுக்கும் தமிழ் கிராமங்களுக்கும் பொதுவானது. இது தொடர்பான மனு உச்ச நீதிமன்றத்திற்கு வந்ததைத் தொடர்ந்து, 2023-இல் மத்திய ஊராட்சி அமைச்சகம் ஒரு குழுவை அமைத்தது. பினாமி நிர்வாகம் நிரூபிக்கப்பட்டால் முன்மாதிரியான தண்டனை தேவை என்று அக்குழு 2025-இல் பரிந்துரைத்தது. பரிந்துரை இன்னும் பரிந்துரையாகவே இருக்கிறது.

நிதி ஒதுக்கீட்டிலும் கவனிக்க வேண்டிய விவரம் உண்டு. மத்திய அரசு 2005-06 முதல் பாலின நிதி அறிக்கையை வெளியிட்டு வருகிறது. 2025-26-இல் அதன் மதிப்பு 4.49 லட்சம் கோடி ரூபாய். மொத்த வரவு செலவுத் திட்டத்தில் 8.86 சதவீதம். முந்தைய ஆண்டில் இது 6.8 சதவீதமாக இருந்தது. எனினும், முழுவதும் பெண்களுக்கென்றே உள்ள திட்டங்களின் பங்கு சுமார் 1.05 லட்சம் கோடி மட்டுமே. எஞ்சியவை, ஒரு பகுதி மட்டும் பெண்களைச் சேரும் பொதுத் திட்டங்கள். அந்தப் பகுதி உண்மையில் பெண்களைச் சேர்ந்ததா என்பதைத் தணிக்கை செய்யாவிட்டால், சதவீதம் உயர்வது கணக்கேட்டோடு நின்றுவிடும்.

சட்டமன்றங்களில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் வழங்கும் 106-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 2023 செப்டம்பரில் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதன் பிறகான தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்னரே அது நடைமுறைக்கு வரும். 2024-இல் மக்களவைக்குத் தேர்வான பெண்கள் 74 பேர். 543 பேரில் 14 சதவீதத்திற்கும் குறைவு. உலக நாடாளுமன்றங்களின் சராசரி 27 சதவீதத்தை ஒட்டியுள்ளது.

சர்வதேச உடன்படிக்கைகளிலும் இதே தயக்கம் தென்படுகிறது. பெண்களுக்கு எதிரான அனைத்துப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993-இல் ஏற்றது. ஆனால் சமூகங்களின் தனிப்பட்ட விவகாரங்களில் அவற்றின் ஒப்புதலின்றித் தலையிடுவதில்லை என்ற அறிவிப்புடன்தான் ஏற்றது. பணியிட வன்முறைக்கு எதிரான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆவது உடன்படிக்கைக்கு இன்னும் ஒப்புதல் அளிக்கவில்லை. பெண்கள் பெருமளவில் பணியாற்றும் ஸ்ரீசிட்டி ஆலைகள் இதே திருப்பதி மாவட்டத்தில்தான் உள்ளன.

டெல்லிக்காகக் காத்திராமல் மாநிலமே முன்னே சென்ற வரலாறும் இம்மண்ணுக்கு உண்டு. 1983-இல் திருப்பதியில் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தை நிறுவிய என்.டி.ராமாராவ் அரசு, 1985 முதல் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை வழங்கியது. தமிழகம் 1989-இல் அதைப் பின்பற்றியது. மத்திய சட்டம் வந்ததோ 2005-இல். எனவே, கணவர்கள் நிர்வாகத்தில் தலையிடுவதைத் தடுக்கும் விதியைக் கொண்டுவர ஆந்திர அரசு யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.

2021 மார்ச்சில் தேர்வான சித்தூர், திருப்பதி மாமன்றங்களின் பதவிக்காலம் 2026 மார்ச் வரையிலானது. அடுத்த தேர்தலிலும் பாதி இடங்கள் பெண்களுக்கே.