பொம்மை வாங்கினால் என்ன குற்றம்?



புந்தோங்கில் நம்மவர் வீட்டு விருந்தொன்றில் அண்மையில் என் செவியில் விழுந்த ஓர் உரையாடல், இதனை எழுதத் தூண்டியது. என்னிடம் முன்னாளில் பயின்ற மாணவி ஒருவர். இன்று தொழிற்சாலையில் பணிபுரிகிறார். தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சேகரிப்போர் விரும்பும் அலங்காரப் பொம்மை ஒன்றை முதன்முதலாக வாங்கியிருக்கிறார். செய்தி உறவினர்க்கு எட்டிவிட்டது. “கல்யாணம் செய்து பிள்ளைக்குப் பொம்மை வாங்க வேண்டிய வயதில் உனக்கே பொம்மையா?” என்று பெரியவர் ஒருவர் கேட்க, பந்தியே சிரித்தது. அந்தப் பெண் தலைகுனிந்தார்.

அந்தப் பெரியவர் வாரந்தோறும் நான்கு இலக்க எண்ணுக்குப் பணம் கட்டுபவர்! அதனைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. உழைத்துச் சேர்த்த வெள்ளியில் ஒரு பெண் தனக்கென ஒரு சிறு மகிழ்ச்சியைத் தேடிக்கொண்டால் மட்டும் நாம் ஏன் சிரிக்கிறோம்? இத்தகைய சிரிப்புக்குப் பின்னால் மூன்று குற்றச்சாட்டுகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

முதற் குற்றச்சாட்டு: “இது வெள்ளைக்காரன் பழக்கம்.”

அப்படியா? நவராத்திரிக் கொலுவை யார் நமக்குக் கற்றுத் தந்தார்கள்? தமிழகத்தில் கொலு வைக்கும் குடும்பங்களில், புதுமணப் பெண்ணுக்குத் தாய்வீட்டார் மரப்பாச்சி இணையைச் சீராகக் கொடுப்பது வழக்கம். செம்மரத்தில் கடைந்த ஆணும் பெண்ணுமான அந்த இணைதான் அவளுடைய கொலுவின் முதற் பொம்மை. ஆண்டுதோறும் அவற்றுக்குப் புதிய பட்டுத்துணி உடுத்தி, மணிமாலை கோத்து அணிவிப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒரு பொம்மையேனும் வாங்கிச் சேர்ப்பார்கள். உடை மாற்றி அழகு பார்க்கும் பொம்மை, ஆண்டுக்கு ஒன்றாக வளரும் சேகரிப்பு, வீட்டுக்கு வந்தவர்க்குக் காட்டி மகிழும் படிகள்... இதற்குமேல் சேகரிப்புக் கலைக்கு வேறு என்ன இலக்கணம் வேண்டும்? பிள்ளைத்தமிழில் ‘சிற்றில்’ என்றே ஒரு பருவம் வகுத்த இனம் நாம். மணல் வீட்டையும் பாவையையும் பாடிய மொழிக்குச் சொந்தக்காரர்கள், பொம்மையை அந்நியம் என்பது வேடிக்கை.

இன்று உலகறிந்த பார்பி பொம்மை 1959 மார்ச் 9-ஆம் நாள் நியூயார்க் விளையாட்டுப் பொருள் கண்காட்சியில் அறிமுகமானது. அதற்கு முன்மாதிரி 1955-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த லில்லி என்னும் பொம்மை. முதற் பார்பிகள் செய்யப்பட்டதோ ஜப்பானில். 1980-களிலும் 1990-களிலும் வந்த பார்பிகள் பலவற்றின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். ‘மலேசியா’ என்று பொறித்திருக்கும்! இந்நாட்டுத் தொழிலாளர் கைபட்டு உலகெங்கும் சென்ற பொம்மையை இந்நாட்டுப் பெண் ஒருவர் வாங்கினால் மட்டும் அது அந்நியப் பழக்கமா?

இரண்டாம் குற்றச்சாட்டு: “இது பிள்ளைத்தனம், அதிலும் பெண்பிள்ளைத்தனம்.”

இதற்கு விடை புதுடில்லியில் இருக்கிறது. காயங்குளத்தில் பிறந்து, கேலிச்சித்திரத்தால் நாடறிந்தவர் கே. சங்கர் பிள்ளை. 1950-களில் அவர் நடத்திய சிறுவர் போட்டிக்குப் பரிசாக ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மையை வழங்கினார். அந்த ஒரே பொம்மையில் மனம் பறிகொடுத்த சங்கர், அதன்பின் வெளிநாடு செல்லும்போதெல்லாம் பொம்மைகளைத் தேடிச் சேர்த்தார். அச்சேகரிப்பே வளர்ந்து அனைத்துலகப் பொம்மை அருங்காட்சியகமானது. 1965 நவம்பர் 30-ஆம் நாள் அதனைத் திறந்து வைத்தவர் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன். இன்று அங்கே 6,000-க்கும் மேற்பட்ட பொம்மைகள் உள்ளன. முதற் பொம்மை கைக்கு வந்தபோது சங்கருக்கு வயது ஐம்பதை ஒட்டியிருந்தது. ஆண்மகன், தலைவர்களையே தம் தூரிகையால் நையாண்டி செய்தவர். அவரைப் பார்த்து யாரேனும், “உமக்கு இந்த வயதில் பொம்மையா?” என்று கேட்டு, அவரும் வெட்கி அதனை எறிந்திருந்தால் இழப்பு யாருக்கு?

மூன்றாம் குற்றச்சாட்டு: “காசுக்குக் கேடு.”

இதில் ஓரளவு உண்மை உண்டு, மறுக்கமாட்டேன். ஒன்று வாங்கியவரைப் பத்து வாங்க வைப்பதே வணிகனின் வேலை. ஆனால், அதற்கு மருந்து ஏளனம் அன்று, அறிவு. புதிதாக இத்துறைக்கு வரும் தங்கைக்கும் தம்பிக்கும் நாம் சொல்ல வேண்டியவை இவை:

1. முதுகில் உள்ள எண்ணைக் கண்டு ஏமாறாதீர்கள். பழைய பார்பி பலவற்றின் முதுகில் 1966 என்ற ஆண்டு இருக்கும். அது இடுப்புத் திரும்பும் உடல் வார்ப்புக்கு உரிமை பெற்ற ஆண்டு; பொம்மை செய்யப்பட்ட ஆண்டன்று. 1990-களில் வந்த பொம்மையை ‘1966-ஆம் ஆண்டு அரும்பொருள்’ என்று விலை கூறுவோர் உண்டு.

2. ஈப்போவின் வெயிலும் ஈரமும் நெகிழிக்குப் பகை. பழைய பொம்மைகளின் கால்கள் நாளடைவில் பிசுபிசுக்கும். உலோகத் தோடு அணிந்த காதுகள் பச்சை பூக்கும். சன்னலோரக் கண்ணாடி அலமாரியைத் தவிர்த்து, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள்.

3. பெட்டியைத் திறங்கள்! பெட்டியைத் திறக்காமல் வைத்தால் பின்னாளில் விலை ஏறும் என்று ஆசை காட்டுவார்கள். உள்ளே கட்டிய ரப்பர் வளையம் இற்றுப்போய்ப் பொம்மையின் மீதே கறை படிவதை அவர்கள் சொல்வதில்லை. கையால் தொடாத பொம்மை சரக்கு. உடுத்திப் பார்க்கும் பொம்மைதான் கலை.

4. இரண்டாவதை வாங்குமுன், முதலாவதற்கு மூன்று உடைகளேனும் உங்கள் கையால் தையுங்கள். பணப்பைக்கு இதைவிட நல்ல காவல் இல்லை.

இந்த நான்காம் கருத்தை ஆசிரிய நண்பர்கள் கவனிக்க வேண்டுகிறேன். ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் உயரமுள்ள இப்பொம்மை, ஆள் அளவில் ஆறில் ஒரு பங்கு. நம் சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர் என்று கொண்டால், பொம்மைக்கு வேண்டியது ஏறக்குறைய 92 சென்டிமீட்டர். அகலம் 114 சென்டிமீட்டர் என்றால், பொம்மைக்கு 19 சென்டிமீட்டர். தையற்கடையில் கழித்துப் போடும் வெட்டுத்துணியே போதும்! ஆனால், துணியின் தடிமன் ஆறில் ஒன்றாகக் குறையாதே. கனத்த பட்டில் கொசுவம் வைத்தால் பொம்மை உப்பி நிற்கும். ஆகவே, மெல்லிய பருத்தித் துணியைத் தேட வேண்டும். விகிதம், அளவை, பொருளின் தன்மை, கைத்திறன் அனைத்தும் ஒரே பொம்மையில் அடங்கிவிட்டன. 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வை அரசு நிறுத்திவிட்டது. நம் உள்ளத்தில் நடக்கும் தேர்வைத்தான் இன்னும் நாம் நிறுத்தவில்லை. புள்ளி கிடைக்காத எதையும் வீண் என்று ஒதுக்கும் வழக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

எதிர்த் தரப்பின் ஒரு வாதம் மட்டும் என்னை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. “வெள்ளைத் தோலும் கொடியிடையுமே அழகு என்று இப்பொம்மைகள் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவில்லையா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் கறுப்பினக் குழந்தைகள் முன் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் வைத்து வினவியபோது, அவர்களுள் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றனர். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவர்தம் ஆய்வும் சுட்டப்பட்டது. கறுப்பு நிறத்தில் ‘பார்பி’ என்ற பெயரையே தாங்கிய பொம்மை வருவதற்கு 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெவ்வேறு உடல்வாகுகள் வந்தது 2016-இல்.

ஆனால் பெற்றோர்களே, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். நிறத்தாழ்ச்சியை நம் வீட்டுப் பிள்ளைக்கு முதலில் கற்பித்தது பொம்மையா? குளியலறையில் இருக்கும் வெள்ளையாக்கும் களிம்பு அன்றோ? “கறுப்பாய்ப் பிறந்துவிட்டாளே” என்ற பாட்டியின் பெருமூச்சு அன்றோ? இன்று கடைகளில் கரிய நிறத்திலும் மாநிறத்திலும் பொம்மைகள் கிடைக்கின்றன. முதற் பொம்மையைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் முன்கையை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். உங்கள் நிறத்தில் ஒன்றை வாங்கி, அதற்குச் சேலை உடுத்தி, கூடத்தில் எல்லாரும் காண வையுங்கள். களிம்பும் பெருமூச்சும் கற்பித்ததை அது சிறிதேனும் மாற்றும்.

தோட்டத்து லயங்களில் நம் அன்னையர் கிழிந்த கைலியைச் சுருட்டிப் பொம்மை செய்து, ரப்பர் கொட்டையை அதற்கு உணவாக வைத்து விளையாடினர். கடைப் பொம்மை வாங்க அவர்களிடம் காசில்லை. இன்று அவர்களின் பேத்தி தன் சொந்த உழைப்பில் ஒன்றை வாங்கும் நிலைக்கு உயர்ந்திருக்கிறாள். அதனைக் கண்டு பெருமைப்பட வேண்டியவர்கள் நாம். 

உங்கள் வீட்டுப் பிள்ளை, அவருக்கு வயது பத்தாயினும் நாற்பதாயினும், தம் முதற் பொம்மையோடு வாசலில் வந்து நிற்கும்போது, “எவ்வளவு?” என்று கேட்காதீர்கள். “என்ன பெயர் வைத்திருக்கிறாய்? என்ன உடை தைக்கப் போகிறாய்?” என்று கேளுங்கள். கையில் நல்ல துணித்துண்டு இருந்தால் எடுத்துக் கொடுங்கள்.

சிந்திப்போம். ஏளனத்தை விடுவோம்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர், புந்தோங்.