ஓசோனும் போத்தல் நீரும்

ஓசோனினாற் சுத்திகரிக்கப்பட்ட நீர் என்னும் வாசகம் இன்று போத்தல்களின் மேல் மந்திரம்போல் அச்சிடப்படுகிறது. அதைக் காண்போர் விஞ்ஞானமே நேரில் வந்து கையொப்பமிட்டுவிட்டதாக மயங்குகின்றனர். அந்த விஞ்ஞானம் யாருக்காக உழைக்கிறது என்று கேட்போர் சிலரே.

ஓசோனில் மாயம் எதுவுமில்லை. ஒட்சிசனினூடாக உயரழுத்த மின்னைப் பாய்ச்சினால் மூன்று அணுக்கள் சேர்ந்த இவ்வாயு தோன்றும். நீரில் குமிழிகளாக விட்டால் கிருமிகளை ஒட்சியேற்றிச் சிதைக்கும். பிரான்சின் நீஸ் நகரம் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே இதனைக் கையாண்டது. ஆனால் ஓசோன் நிலைப்பதில்லை. சிறிது நேரத்தில் தானும் சிதைந்துவிடும். அதன்பின் புகும் கிருமியை அது என்ன செய்யும்?

இவ்வாயு மக்களுக்காக உழைத்ததையும் நாம் அறிவோம். 1993 வசந்த காலத்தில் அமெரிக்காவின் மில்வோக்கி நகரக் குழாய்நீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி கலந்தது. வழக்கமான குளோரீன் அதனை அசைக்கவில்லை, வடிகட்டலும் தவறிற்று. சுமார் 4 இலட்சத்து 3 ஆயிரம் பேர் வயிற்றோட்டத்தில் வீழ்ந்தனர். எயிட்ஸ் நோயால் உடல் நலிந்திருந்தோர் பலர் மாண்டனர். நகரம் என்ன செய்தது? வசதியுள்ளவன் போத்தல் வாங்கிக்கொள்ளட்டும் என்று கைகழுவவில்லை. வடிகட்டலைத் திருத்தியது, 1998ல் ஓசோனையும் சேர்த்தது. ஓசோன் மறைந்தபின் குழாய்களைக் காக்கக் குளோரமைனும் இடப்படுகிறது. செல்வன் வீட்டுக்கும் கூலியாள் வீட்டுக்கும் அதே நீர்தான் போகிறது.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். 2004ல் கொக்கா கோலா நிறுவனம் டசானி என்ற போத்தல் நீரைப் பிரித்தானியாவில் இறக்கியது. அது எந்த மலையூற்றில் ஊறியது? இலண்டனுக்கு அருகே சிட்கப் தொழிற்சாலையின் குழாயில்! அரை லீற்றர் 95 பென்ஸ். வீட்டுக் குழாயில் அதே அளவு நீருக்கு ஒரு பென்ஸ்கூட ஆகாது. (அக்குழாய் நீரை வழங்கிய தேம்ஸ் கம்பனியும் 1989 முதல் தனியார் கையில்தான், அது வேறு கதை.) நிறுவனம் அந்நீரை வடிகட்டிக் கல்சியங் குளோரைட்டைச் சேர்த்தது. அதிற் கலந்திருந்த புரோமைட்டை, தூய்மைக்கென்று செலுத்திய ஓசோனே புரோமேற்றாக மாற்றிவிட்டது. புரோமேற்று விலங்குகளிற் புற்றுநோய் விளைவிப்பது. லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் என்ற சட்ட எல்லையைச் சில போத்தல்கள் தாண்டின. உடனடி ஆபத்தில்லை என்றனர் அதிகாரிகள். எனினும் ஏறத்தாழ 5 இலட்சம் போத்தல்கள் மீளப் பெறப்பட்டன. குழாயில் நல்லதாயிருந்த நீரைக் கெடுத்து, அதற்கு விலையும் வைத்த இத்திறமையை என்னென்பது!

வறிய நாடுகளுக்கு ஓசோன் ஆடம்பரம், ஆகவே போத்தலே வழி என வாதிடுவோர் உளர். முதற்பாதி பெரும்பாலும் உண்மை: ஓசோனுக்கு இடையறாத மின்சாரமும் தேர்ந்த தொழிலாளரும் வேண்டும். பிற்பாதி வியாபாரம். வாந்திபேதிக் கிருமியையும் நெருப்புக்காய்ச்சற் கிருமியையும் கொல்ல மலிவான குளோரீனே போதும். அது குழாயினுள்ளும் தங்கி நின்று காக்கும். வேண்டியது ஒழுகாத குழாயும், அதற்குப் பணம் ஒதுக்கும் ஆட்சியும். ஓசோன் நைத்திரேற்றையும் உப்பையும் நீரிலிருந்து அகற்றாது என்பதை விளம்பரங்கள் சொல்வதுண்டா?

பிரான்சிலும் ஜேர்மனியிலும் டசானியை இறக்கவிருந்த திட்டம் அவ்வாண்டே கைவிடப்பட்டது. சிட்கப் வீடுகளின் குழாய்களில் நீர் முன்போலவே வந்துகொண்டிருந்தது.