குறிப்பில் எழுதாத நோய்

கணவருக்கு 46 வயதில் அல்சைமர். மாமிக்கும் அதே வயதில் வந்தது. ஊரில் 'விசர்' என்று அறைக்குள் வைத்தார்கள். என்னைப் பெண் கேட்டு வந்தபோது மூச்சும் விடவில்லை. ரொறன்ரோவிலும் அதே பாட்டு: "வெளியில சொல்லாதேங்கோ, பிள்ளையளின்ர கலியாணம் குழம்பும்."

இவருடையது பிரெசெனிலின்-1 மரபணுப் பிழை. ஒவ்வொரு பிள்ளைக்கும் போகும் வாய்ப்பு சரிபாதி. சோதிப்பதா இல்லையா என்பதை வளர்ந்த பிள்ளைகள் தீர்மானிக்கட்டும், சொந்தக்காரர் அல்ல. காப்புறுதி கிடைக்காதாம்! அதற்காக மரபணுச் சோதனை முடிவைக் காட்டச்சொல்லி வற்புறுத்துவது கனடாவில் 2017 முதல் குற்றம். உச்ச நீதிமன்றமும் 2020இல் அச்சட்டத்தை உறுதிசெய்தது.

செவ்வாயும் பத்துப் பொருத்தமும் பார்க்கிற நாங்கள், இரத்தத்தில் உள்ளதை மட்டும் ஒளிக்கிறோம். அவருக்குச் சட்டைப் பொத்தான் பூட்டிவிடுவது நான். ஒளிக்கிற வேலையையும் என் தலையில் கட்டாதீர்கள். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.